டுஷாம்ப்னா பீங்கான் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நவீன ஓவியத்தப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, பிக்காசோ பத்தின பகுதிய வீட்டுக்காரிக்குக்கூட வாசிச்சுக் காட்டினேன். ஆனா பிரெஞ்சு ஓவியர் மார்சல் டுஷாம்ப்னு வந்தப்ப நாலே வரில முடிச்சுட்டீங்களே. 1917ல நியூயார்க்ல ஒண்ணுக்குப் போற பீங்கானக் கண்காட்சிக்கு அனுப்பினாரு, அப்புறம் கலையே வேணாம்னு செஸ் விளையாடப் போயிட்டாரு, ஊரையே கிண்டலடிச்ச மனுஷன், அவ்ளோதான். அதே பக்கத்துல கீழ ஒரு பெட்டிச் செய்தி, இந்த 3டி காலத்துல ஓவியத்துக்கு இனிமே என்ன வேலைன்னு கேட்டு. ரெண்டையும் மேலயும் கீழயுமா பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த ஆளு பீங்கானுக்கு அடுத்த வருஷம் ஆரம்பிச்சு சாகற வருஷம் வரைக்கும், 1918லேர்ந்து 1968 வரைக்கும், விட்டு விட்டுப் பண்ணிக்கிட்டே இருந்தது இந்த 3டி வேலையத்தான் சார்.

இவனுக்கு எப்படித் தெரியும்னு நினைக்கலாம். நான் ஓவியம் படிச்சவன் இல்ல. 31 வருஷம் ஆஃப்செட் மெஷின் பக்கத்துல நின்னவன், காலண்டர், டைரி, பட்டாசு லேபிள், எல்லாம் ஓட்டியிருக்கேன். நாலு கலர் வேலைல எங்களுக்கு இருக்கற ஒரே பயம் ரிஜிஸ்டர் அவுட் ஆகறது. சையான் பிளேட்டும் மெஜந்தா பிளேட்டும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்காந்துச்சுன்னா சாமி முகத்துல ஓரத்துல ஒரு நீலக் கோடு, இந்தப் பக்கம் ஒரு செவப்புக் கோடு, மொத்த ரீமும் வேஸ்ட்டு. ரிட்டயர் ஆனப்புறம் ஒருநாள் பேரன் புஸ்தகத்தோட வந்த செவப்பு-நீலக் கண்ணாடிய சும்மா மாட்டிக்கிட்டு இருந்தேன், வீட்ல அலமாரிக்கு விரிச்சிருந்த ஒரு பழைய வேஸ்ட்டுத் தாள் கண்ணுல பட்டுச்சு. படம் மொத்தமா தாளுக்கு மேல வந்து மிதக்குது! கருப்பு பிளேட்டு மட்டும் தாள்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு. கொஞ்ச நேரம் யோசிச்சப்பதான் புரிஞ்சுது, செவப்புக் கண்ணாடி வழியா பாக்கற கண்ணுக்கு சையான் பிளேட்டுதான் கருப்பாத் தெரியும், பச்சை கலந்த நீலக் கண்ணாடி போட்ட கண்ணுக்கு மெஜந்தா பிளேட்டு அழுத்தமாத் தெரியும், ரெண்டும் தள்ளி இருக்கறதால மூளை அத தூரமா எடுத்துக்குது. ஆனா ஒண்ணு, மிதந்துச்சே தவிர மூக்கு முன்னால காது பின்னாலன்னு வரல, ஏன்னா எல்லா எடத்துலயும் ஒரே அளவு தள்ளல். பக்கத்துல இருக்கறதுக்கு ஒரு தள்ளல், தூரத்துல இருக்கறதுக்கு வேற தள்ளல் இருந்தாதான் உருவம் வரும். 31 வருஷம் எத தப்புன்னு தூக்கிப் போட்டோமோ அதையே கணக்குப் பண்ணிச் செஞ்சா அதுக்குப் பேரு அனகிளிஃப்.

அன்னைலேர்ந்து பேரன் போன்ல இதையே தேடிக்கிட்டு இருக்கேன், அப்படித் தேடி வந்து விழுந்த எடம்தான் டுஷாம்ப். அதுக்கு முன்னாடி இன்னொரு பேரு சொல்லணும், எங்க தொழில்காரங்க சொல்லாம விடக்கூடாத பேரு. லூயி டுகோ டு ஓரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், மூணு மைய ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சா எல்லாக் கலரும் வரும்னு 1860கள்லயே வழி எழுதி வச்சவரு. அவரேதான் 1891ல இந்த ரெண்டு கலர் 3டி அச்சுக்கும் பேட்டன்ட் வாங்கினாரு. ரிஜிஸ்டர் சரியா விழுந்தா கலர் படம், கணக்கா விலகினா 3டி, ரெண்டும் ஒரே ஆளு மண்டைல உதிச்சது.

இப்ப டுஷாம்ப். 1918 ஆகஸ்ட்ல நியூயார்க்க விட்டுட்டு பியூனஸ் அயர்ஸ் போறாரு, ஒம்பது மாசம் போல இருக்காரு. அங்க செஸ் பைத்தியம் பிடிச்சது உண்மைதான், நீங்க எழுதினது தப்பில்ல. ஆனா அங்க வச்சு அவரு பண்ண ஒரு சின்ன வேலை இருக்கு, கையடக்கமா ஒரு அட்டை. அந்தக் காலத்துல ஸ்டீரியோஸ்கோப் அட்டைன்னு வீட்டுக்கு வீடு இருக்கும், ஒரே காட்சிய ரெண்டு கண்ணோட எடத்துலேர்ந்து எடுத்த ரெண்டு போட்டோவ பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருப்பாங்க, ஸ்டீரியோஸ்கோப்ங்கற கருவியில வச்சு ரெண்டு கண்ணாலயும் பாத்தா ஆழமாத் தெரியும். அப்படி ஒரு கடல் காட்சி அட்டைய எடுத்து, ரெண்டு படத்துலயும் பென்சிலால பிரமிடு மாதிரி ஒரு உருவம், தலகீழா அதோட பிம்பம் மாதிரி இன்னொண்ணு, கோடு கோடா போட்டுட்டாரு. ரெண்டுலயும் ஒரே மாதிரி இல்ல, கொஞ்சம் தள்ளித் தள்ளி. கருவியில வச்சுப் பாத்தா நெசமான கடல் மேல ஒரு கண்ணாடிக் கூடு மாதிரி அந்தப் பிரமிடு நிக்கும். கேமரா பாத்த கடலும் கையால போட்ட கோடும் ஒரே வெளியில. இன்னைக்கு சினிமாக்காரங்க கோடிக் கணக்குல செலவு பண்ணிச் செய்யற வேலை, அவருக்கு ஒரு பென்சில் செலவு. இப்ப அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல இருக்கு.

இதுல என்னைய உலுக்கின விஷயம், அவரு நிழல் போடல, வண்ணம் போடல, வெறும் கோடு. ஸ்டீரியோஸ்கோப்பக் கண்டுபிடிச்ச சார்லஸ் வீட்ஸ்டோன் 1838ல லண்டன்ல ராயல் சொசைட்டிக்கு எழுதினப்ப போட்டுக் காட்டினதும் வெறும் கோட்டுப் படங்கள்தான். போட்டோகிராஃபின்னு ஒண்ணு அப்ப ஊருக்குத் தெரியாது, அது அடுத்த வருஷம்தான் வெளிய வருது. அதோட நிழலும் தூரமும் காட்டி வரைஞ்சா அதனாலதான் ஆழம் தெரியுதுன்னு யாராவது சொல்லிடுவாங்கன்னு வேணும்னே கோடு மட்டும் போட்டாரு. அதாவது 3டி பொறந்ததே கை ஓவியமாத்தான். இது தெரியாம 3டி வேற ஓவியம் வேறன்னு பெட்டிச் செய்தி போடறோம்.

நியூயார்க் திரும்பி வந்தப்புறம் 1920ல மேன் ரேன்னு ஒரு அமெரிக்க ஓவியர், போட்டோகிராஃபர், அவரு கூடச் சேந்து பண்ண கூத்தெல்லாம் தனிக் கதை. நீளம் வேற வேறயா அஞ்சு கண்ணாடிப் பட்டை, ஒவ்வொண்ணுலயும் வளைவுக் கோடு, எல்லாத்தையும் ஒரே இரும்புத் தண்டுல ஒண்ணு பின்னால ஒண்ணா மாட்டி மோட்டார் வச்சு சுத்த விட்டாரு, ஒரு மீட்டர் தள்ளி நின்னு பாத்தா தனித்தனியா தூரத்துல இருக்கற கோடெல்லாம் சேந்து ஒரே தட்டுல போட்ட வட்டங்களாத் தெரியும். கவனிங்க, இது 3டிக்கு உல்டா, ஆழத்த எடுத்துத் தட்டையாக்கறது. போட்டோ எடுக்கப் போனப்ப பெல்ட்டு சிக்கி கண்ணாடி வெடிச்சு மேன் ரே தலைல அடிச்சிருச்சு, அடர்த்தியான முடி இருந்ததால தப்பிச்சாரு. மெஷின் பக்கத்துல நின்னவங்களுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்னு தெரியும். அதே வருஷம் ரெண்டு சினிமா கேமராவ ஒண்ணா இணைச்சு 3டி படமே எடுக்கப் பாத்தாங்க, காசு இல்லாம குப்பைத் தொட்டி மூடிய டிரேயா வச்சு தாங்களே ஃபிலிம் கழுவினாங்க, ஃபிலிம் ஒண்ணோட ஒண்ணு பாசி மாதிரி ஒட்டிக்கிச்சு. மிஞ்சின துண்டுல ஒரு ஜோடி சரியா இருந்துச்சாம், அத ஸ்டீரியோஸ்கோப்ல போட்டுப் பாத்தப்ப ஆழம் வந்துச்சுன்னு மேன் ரேவே பின்னால எழுதியிருக்காரு.

அதுக்கப்புறம் வர்றதுதான் எனக்குச் சொந்த சமாச்சாரம். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு வலது கண்ணுல புரை முத்திப் போச்சு, ஆபரேஷனுக்குத் தேதி தள்ளிக்கிட்டே போச்சு, அந்த நாலு மாசம் ஒத்தக் கண்ணு ராஜ்ஜியம்தான். டீய டம்ளர்ல ஊத்தினா மேஜைல ஊத்துவேன், மாடிப்படில கடைசிப் படி இருக்கா இல்லையான்னு காலால தடவுவேன். செவப்பு-நீலக் கண்ணாடி சுத்தமா வேலை செய்யல, அதுக்கு ரெண்டு கண்ணு வேணுமே. அப்பதான் பேரன் டுஷாம்போட ரோட்டோரிலீஃப் வீடியோவக் காட்டினான். 1935ல போட்டது, 20 சென்டிமீட்டர் வட்ட அட்டை ஆறு, ரெண்டு பக்கமும் சேத்து 12 டிசைன், 500 செட்டு அடிச்சாரு, அடிச்சது எதுல தெரியுமா, ஆஃப்செட்ல! ரெக்கார்டு பிளேயர்ல இசைத்தட்டு மாதிரி வச்சு சுத்த விடணும். நடு தப்பி ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்ட வட்டங்கள், சுத்தும்போது கிண்ணமாகும், கோபுரமாகும், ஒண்ணு கண்ணாடிக் கோப்பை, ஒண்ணு அவிச்ச முட்டை, ஒண்ணுல தொட்டிக்குள்ள மீன் நீந்தும். ஒத்தக் கண்ணால பாத்தேன் சார், தட்டை போன் ஸ்கிரீன்லேர்ந்து ஒரு கிண்ணம் எந்திரிச்சு வந்துச்சு. நாலு மாசமா எல்லாமே சுவத்துல ஒட்டின மாதிரி பாத்துக்கிட்டு இருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

அதுல என்ன விசேஷம்னா இது ஒத்தக் கண்ணுலதான் இன்னும் நல்லா தெரியும். ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா இது தட்டைன்னு ஒரு சாட்சி சொல்லிக்கிட்டே இருக்கும், ஒண்ண மூடினா சாட்சி கிடையாது. ஒரு கண்ணு போனவங்களுக்கு இது உதவும்னு அப்பவே பேச்சு வந்து டுஷாம்பும் அதுல சந்தோஷப்பட்டாரு. இத்தாலில முசாட்டின்னு ஒரு மனவியல்காரர் 1924லயே இந்தச் சுத்தல் ஆழத்தப் பத்தி எழுதியிருக்காரு, ஆனா டுஷாம்ப் தன் பாட்டுக்குக் கண்ணாடி உடைச்சு, அரைக்கோளம் சுத்த விட்டு, 1926ல அதையே ஒரு குட்டிப் படமாவும் எடுத்து இங்க வந்து சேந்தாரு. வந்து என்ன பண்ணாருன்னு பாருங்க, ஓவியக் காலரிக்குப் போகல, பாரிஸ்ல கண்டுபிடிப்பாளர்கள் சந்தைல, புது மாடல் குப்பை அரைக்கிற மெஷின் காய்கறி நறுக்கிற மெஷின் விக்கறவங்களுக்கு நடுவுல ஒரு கடை போட்டு உக்காந்தாரு. ஒரு மாசம். வித்தது ஒண்ணு ரெண்டு.

நானும் பண்ணிப் பாத்தேன். பக்கத்துத் தெரு மைக் செட்காரர்ட்ட ஓடற ரெக்கார்டு பிளேயர் ஒண்ணு இருந்துச்சு, வீட்டுக்காரி வளையல் அஞ்சாறு சைஸ்ல எடுத்து அட்டைல நடு தப்பி வட்டம் போட்டு 33 ஸ்பீடுல விட்டோம். அந்த ஆளு முப்பது வருஷமா தட்டு சுத்தறதப் பாத்தவரு, ஒரு கண்ணப் பொத்திக்கிட்டுக் கீழ குனிஞ்சு அட்டை நெசமாவே குழிஞ்சிருக்கான்னு விரலால தொடப் போயிட்டாரு.

சரி, எதுக்கு இவ்வளவும் சொல்றேன்னா, உங்க கட்டுரைல இன்னொரு வரி இருந்துச்சு, டுஷாம்ப் கண்ணுக்கு மட்டும் தீனி போடற ஓவியத்த வெறுத்தாருன்னு. அது சரி, விழித்திரைக் கலைன்னு அவரு அதத் திட்டினது பிரசித்தம். அப்ப கண்ணு வேணாம்னு சொன்னவரு ஏன் அம்பது வருஷம் கண்ணு கிட்டயே விளையாடினாரு, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மாதிரி தன் வேலைக்கு துல்லிய ஒளியியல்னு பேரு வேற வச்சாருன்னு கேக்கத் தோணும்ல. எனக்குத் தோணற பதில் அந்த வேஸ்ட்டுத் தாள்லேர்ந்து வந்ததுதான். மிதந்த சாமி படம் எங்க இருந்துச்சு? தாள்ல இல்ல, தாள்ல இருந்தது ரெண்டு தப்பான பதிவு. இடது கண்ணுல இருந்தது ஒரு தட்டைப் படம், வலது கண்ணுல இன்னொரு தட்டைப் படம். மிதக்கற படம் எந்த விழித்திரைலயும் விழவே இல்ல. உள்ள போய் நாமளே செஞ்சுக்கிட்டது. ரோட்டோரிலீஃப் கிண்ணமும் அப்படித்தான், அட்டைல கிண்ணம் கிடையாது. விழித்திரைல விழாத ஒரு படம் வேணும்னு தேடின ஓவியனுக்கு 3டிய விட்டா வேற என்ன வழி? பீங்கானும் இதுவும் ஒரே கேள்விதான்னு எனக்குப் படுது, பீங்கான்ல மாறினது ஒண்ணுமில்ல, பாக்கறவன் மண்டைதான் மாறணும்.

நியூ ஜெர்சில பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த பேலா யூலெஸ் இதையே 1960 வாக்குல கம்ப்யூட்டர வச்சு நிரூபிச்சாரு, ரெண்டு படமும் வெறும் புள்ளிக் குப்பை, தனித்தனியா பாத்தா ஒரு உருவமும் கிடையாது, ரெண்டையும் கண்ணுல சேத்தா ஒரு சதுரம் எந்திரிச்சு நிக்கும். அந்தப் படங்கள 1965 ஏப்ரல்ல நியூயார்க்ல ஹவர்ட் வைஸ் காலரில ஓவியமாவே மாட்டினாங்க. லிசிட்ஸ்கின்னு ஒரு ரஷ்ய ஓவியர் ஜெர்மனில ஹானோவர்ல 1927-28ல ஒரு அறையோட சுவத்துல பட்டை பட்டையா அடிச்சு ஒரு பக்கம் வெள்ளை ஒரு பக்கம் கருப்புன்னு விட்டாரு, நடந்தா சுவரே கலர் மாறும், நம்ம ஊர்ல ஆட்டினா முருகர் பிள்ளையாரா மாறற பிளாஸ்டிக் படம் இருக்குல்ல, அதே தத்துவம் ஆள் நடக்கற அளவுல. 1937ல நாஜிக்காரங்க பிரிச்சுப் போட்டுட்டாங்க. டாலி 70கள்ல வீட்ஸ்டோன் மாதிரியே முகம் பாக்கற கண்ணாடி வச்சுப் பாக்கற ஜோடி ஓவியங்கள் வரைஞ்சாரு, 1972ல நியூயார்க்ல ஹோலோகிராமும் காட்டினாரு, எனக்கென்னவோ டாலிகிட்ட வித்தை ஜாஸ்தி, விஷயம் கம்மி. அது என் அபிப்பிராயம், டாலி ரசிகர்கள் கோவிச்சுக்க வேணாம்.

செஸ்ஸுக்குப் போயிட்டாருன்னு எழுதினீங்களே, அதுக்கும் ஒரு பதில் இருக்கு. 1946லேர்ந்து 1966 வரைக்கும் இருவது வருஷம் ஊருக்கே தெரியாம ஒரு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாரு. ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துல இருக்கு, அவரு செத்தப்புறம் 1969லதான் தொறந்தாங்க. ஸ்பெயின்லேர்ந்து கொண்டு வந்த பழைய மரக் கதவு, அதுல ரெண்டே ரெண்டு ஓட்டை, நம்ம ரெண்டு கண்ணு எடைவெளில. ஒரு சமயத்துல ஒருத்தர்தான் பாக்கலாம். உள்ள சுள்ளி மேல ஒரு பொண்ணு உடம்பு, கைல விளக்கு, பின்னால அருவி. மொத்தக் கதவும் ஒரு பெரிய ஸ்டீரியோஸ்கோப்தான், படத்துக்குப் பதிலா நெசப் பொருள வச்சிருக்காரு. உள்ள இருக்கறத பதினஞ்சு வருஷத்துக்கு போட்டோவா வெளியிடக் கூடாதுன்னு ஏற்பாடு வேற. போட்டோ எடுத்தா ஒத்தக் கண்ணாயிடுமே.

கடைசி வேலை 1968 கோடைல, ஸ்பெயின் கடலோரம் கடாகேஸ்ல. வீட்ல ஒரு கணப்பு அடுப்பு கட்டிக்கிட்டு இருந்தாங்க, அந்த அடுப்பையே செவப்பும் நீலமுமா ரெண்டு பென்சிலால தள்ளித் தள்ளி வரைஞ்சாரு, கண்ணாடி மாட்டிப் பாத்தா அடுப்பு தாள்லேர்ந்து எந்திரிச்சு நிக்கும். அக்டோபர் 2ஆம் தேதி செத்துப் போயிட்டாரு. 81 வயசு.

இப்ப என் கோரிக்கை. இத்தனையும் பேசிட்டு நீங்க போட்ட படம் மறுபடியும் அந்தப் பீங்கான்தான், அதுவும் கருப்பு வெள்ளைல. 3டி காட்டறதுக்கு இருக்கற மிக மலிவான கருவி உங்க கைலயே இருக்கு சார், அதுக்குப் பேரு செய்தித்தாள். டுஷாம்ப் படத்துக்கு உரிமை வாங்கறது தொந்தரவுன்னா விட்டுடுங்க, உங்க ஆர்ட்டிஸ்ட்டச் சொல்லி ஒரு பிரமிட மேலேர்ந்து பாக்கற மாதிரி வரையச் சொல்லுங்க, ஒரு சதுரம், நடுவுல ஒரு புள்ளி, நாலு மூலைலேர்ந்து புள்ளிக்கு கோடு. பக்கத்துலயே அதே மாதிரி இன்னொண்ணு. இடது படத்துல புள்ளிய ரெண்டு மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளுங்க, வலது படத்துல ரெண்டு மில்லிமீட்டர் இடது பக்கம். ஒவ்வொரு படமும் 6 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது, அதுக்கு மேல போனா மனுஷக் கண்ணு எடைவெளி பத்தாது. ரெண்டும் சேந்து 12, உங்க பேப்பர்ல மூணு பத்தி அகலம், ஒரு நகைக்கடை விளம்பரத்துல மூலை அளவுகூட வராது. வாசகர் பேப்பர மூக்கு கிட்ட வச்சு தூரத்தப் பாக்கற மாதிரி கண்ணத் தளர விட்டு மெதுவா பின்னால நகத்தினா ரெண்டு படம் மூணாத் தெரியும், நடுவுல இருக்கறது கூர்மையா மேல எந்திரிச்சு வரும். முதல் தடவை வராது, நாலாவது தடவை வரும், சில பேருக்கு கண்ணு அமைப்பால வராமயே போகும், அவங்களுக்கு வளையல் வட்டம் ஒண்ணு போட்டு வெட்டிச் சுத்தச் சொல்லிடலாம்.

செவப்பு-நீலத்துலயும் ஒண்ணு போட முடிஞ்சா இன்னும் சந்தோஷம். நியூஸ்பிரிண்ட் வெள்ளையா இருக்காது, அதனால மறைய வேண்டிய கோடு லேசா பேய் மாதிரி தெரியும், பரவால்ல, மெலிசா வரைஞ்சா சமாளிக்கலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, அன்னைக்கு நைட் ஷிப்டுல மெஷின்ல நிக்கற தம்பிகிட்ட, அந்தப் பக்கத்துல செவப்பும் நீலமும் தள்ளி இருக்கறது வேணும்னே வச்சதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. இல்லேன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின நிறுத்தி சரி பண்ண ஆரம்பிச்சுடுவான், நானா இருந்தா அதத்தான் பண்ணியிருப்பேன்.

இப்படிக்கு,
பழைய ஆஃப்செட் ஆளு ஒருத்தன்,
சிவகாசி